பெறாமகனுக்கு இல்லாத முப்பது மணித்தியாலம்

இங்கிலாந்தின் மழலையர் கல்விக்குப் பொறுப்பான அமைச்சருக்கும், சைல்ட்மைண்டர்களுக்கான விதிகளை எழுதும் அலுவலர்களுக்கும்,

போன கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நாலே நாலு வரி. நான் சைல்ட்மைண்டர், அதாவது பிறர் பிள்ளைகளை என் வீட்டில் பணத்துக்குப் பார்க்கப் பதிவுபெற்றவள். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அரசு பணம் கட்டும் திட்டத்தில், என் தங்கை மகனுக்கு ஏப்ரலிலிருந்து கிடைக்கவிருக்கும் கிழமைக்கு முப்பது மணித்தியாலப் பராமரிப்பை என் வீட்டில் எடுக்க முடியாது, ஏனென்றால் நான் பிள்ளைக்கு உறவுக்காரி. பதிவுபெற்ற வேறு எந்த இடத்திலும் எடுக்கலாம். அனுப்பியவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் விதியைப் படித்துச் சொன்னார். விதியை எழுதியவர்கள் நீங்கள்.

ஆங்கிலப் பிரதி தபாலில் வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே மின்னஞ்சலை வாங்கி, "சட்டமாம், என்ன செய்யிறது" என்று மூடிவைத்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும். உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறைவில்லை.

நான் வேறு வேலை கிடைக்காமல் பிள்ளை பார்க்க வந்தவள் அல்ல. வடமேற்கு இலண்டனில் ஒரு நேர்சரியில் பதினொரு வருடம் இருந்தேன். 2012இல் உதவியாளராகச் சேர்ந்தேன். பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால் 2016இல் மழலையர் ஆசிரியர் தகைமையையும் எடுத்தேன். 2013 செப்ரெம்பரில் உங்கள் அரசு அறிமுகப்படுத்திய தகைமை அது. அதில் சேர, ஆரம்பப் பள்ளி ஆசிரியரிடம் கேட்கிற அதே ஆங்கில, கணித, விஞ்ஞானப் பெறுபேறுகளைக் கேட்டீர்கள். முடித்ததும் ரீச்சர் என்ற பெயரைத் தந்தீர்கள். பள்ளிக்கூட ரீச்சரின் தகைமையையும் தரவில்லை, சம்பளப் படியையும் தரவில்லை. 2023இல் நான் விலகும்போது என் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 10 பென்ஸ். அந்த வருடம் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் 10 பவுண் 42 பென்ஸ். பட்டத்துக்கும் தகைமைக்கும் பதினொரு வருட அனுபவத்துக்கும் சேர்த்து 1 பவுண் 68 பென்ஸ்.

சம்பளத்துக்காக மட்டும் நான் போயிருக்கமாட்டேன். அந்தத் தகைமை என் அறையில் என்ன வேலை செய்தது என்பதை நீங்கள் அறியவேண்டும்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, மூன்றாம் நிலைத் தகைமை (ஏ-லெவலுக்கு ஈடானது) உள்ள ஒருவர் எட்டுப் பேரைப் பார்க்கலாம் என்பது உங்கள் விதி. என்னைப்போல் பட்டத்துக்கு ஈடான ஆறாம் நிலைத் தகைமை உள்ளவர் அறையில் நேரடியாக நின்றால், ஒருவருக்குப் பதின்மூன்று பேர். எங்கள் அறையில் இருபத்தாறு பிள்ளைகள். எனக்குச் சான்றிதழ் வருமுன் அந்த அறையில் நாங்கள் நாலு பேர். வந்தபின் இரண்டு பேர். சான்றிதழ் எடுத்த சந்தோஷத்துக்கு நான் கேக் வெட்டிக் கொடுத்த அதே மாதத்தில் இரண்டு பேரை வேறு அறைக்கு மாற்றினார்கள். நான் கூடப் படித்ததால் பிள்ளைகளுக்குக் கிடைத்த கைகள் பாதியாயின. நிர்வாகி சட்டத்தை மீறவில்லை. நீங்கள் அனுமதித்ததைத்தான் செய்தார்.

இருபத்தாறு பேருக்கு இரண்டு பேர் என்றால் என்ன நடக்கும்? யாரும் விழுந்து கால் முறிக்கமாட்டார்கள். அந்தளவுக்குக் கவனம் இருக்கும். ஆனால் ஒரு பிள்ளை என்ன சொல்கிறது என்று குந்தியிருந்து கேட்க நேரம் இராது. எனக்கு இன்னும் மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் விடுப்பில் நின்ற ஒரு கிழமையில், எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், மூன்று வயது, புதிதாகச் சேர்ந்திருந்தான். வண்ணம் தீட்டும் மேசையில் கையெல்லாம் நிறம் ஒட்ட, "ஊத்தை, ஊத்தை" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். கை அழுக்காகிவிட்டது, கழுவிவிடு என்கிறான். நான் திரும்பி வந்து அவனுடைய பதிவேட்டைத் திறந்தால், அவனுக்கு நீர்நாய்களில் ஆர்வம் இருப்பதாக எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் நீர்நாய்க்கு 'ஒட்டர்' என்றல்லவா பெயர். அடுத்த கட்டமாக, ஆற்று விலங்குகளைப் பற்றிய படப்புத்தகம் காட்டவேண்டும் என்றும் குறிப்பு. நான் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஐந்து நாள் அந்தப் பிள்ளை கை கழுவக் கேட்டிருக்கிறான். ஐந்து நாளும் அவனுக்கு நீர்நாய்ப் படம் காட்டியிருக்கிறார்கள்.

எழுதியவளைக் குறை சொல்லமாட்டேன். ஏஜென்சியிலிருந்து வந்த பிள்ளை, பத்தொன்பது வயது. பதின்மூன்று பேரின் பதிவேட்டையும் அவள் பேருந்தில் போகும்போதுதான் எழுதி முடிக்கவேண்டும்.

2023 ஆனியில் நிர்வாகி எங்களைக் கூப்பிட்டு, செப்ரெம்பரிலிருந்து இரண்டு வயது அறையில் விகிதம் மாறுகிறது என்றார். அதுவரை ஒருவருக்கு நாலு பிள்ளைகள், இனி ஐந்து. இருபது பிள்ளைகளுக்கு ஐந்து பேர் நின்ற இடத்தில் நாலு பேர் போதும். கட்டாயமில்லை, விரும்பினால் செய்யலாம் என்றுதான் நீங்கள் அறிவித்தீர்கள். வாடகையும் மின்சாரமும் கூடிக்கொண்டே போகிற ஒரு நேர்சரிக்கு 'விரும்பினால்' என்று ஒன்று இருக்கிறதா? அன்றைக்கு இரவே விலகல் கடிதம் எழுதினேன்.

எங்கள் சனத்திடம் வாங்கிய பேச்சைச் சொல்லாமல் விடமுடியாது. "ரீச்சரா இருந்திட்டு வீட்டில பிள்ளை பாக்கப் போறியோ?" என்று கோயிலில் ஒரு மாமி கேட்டார். ஊரில் இருக்கும் அண்ணிக்கு இன்றுவரை நான் நேர்சரியில் என்றுதான் அம்மா சொல்லிவைத்திருக்கிறார். அவர்களுக்கு அது தொழிலாகத் தெரியவில்லை. அதை நான் சமாளிப்பேன். அரசாங்கமும் அதே கண்ணால் பார்க்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

பதிவு எடுத்த கதை நீளம், சுருக்குகிறேன். பன்னிரண்டு மணித்தியால முதலுதவிப் பயிற்சி, பயிற்சி வகுப்பு, குடும்ப மருத்துவரிடம் உடல்நலப் படிவம், காப்புறுதி, தரவுப் பாதுகாப்புக் கட்டணம், ஆண்டுக்கு 35 பவுண் பதிவுக் கட்டணம். பதினாறு வயதுக்கு மேல் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை. அதில் எழுபத்தொரு வயது அம்மாவும் அடக்கம். அம்மாவின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதம். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் போனது. "நான் என்ன களவெடுத்தனானோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். 2024 மாசியில் பதிவு வந்தது. தொடக்க உதவியாக 600 பவுண் தந்தீர்கள், நன்றி. படிக்கதவுகள், இரட்டைத் தள்ளுவண்டி, முதலாண்டுக் காப்புறுதி எல்லாம் அதிலிருந்துதான். 2025 மார்ச்சோடு அந்த உதவியை நிறுத்திவிட்டீர்கள். நேர்சரியில் என்னோடு வேலை செய்த ஒருத்தி இப்போதுதான் வெளியே வர யோசிக்கிறாள். அவளுக்கு அந்த 600 இல்லை.

சோதனைகளை நான் குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவையும் நான் தாண்டி வந்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே தேவைப்படும்.

இப்போது என் வீட்டில் பகலில் ஐந்து வயதுக்குட்பட்ட இரண்டு பேர். பள்ளிக்கூடம் விட்டதும் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். செவ்வாய்க்கிழமை நூலகத்தில் பாட்டு நேரம். மழையில்லாத நாளெல்லாம் பூங்கா. மத்தியானம் சமையலறை. நேர்சரியில் கணிதத்துக்கென்று ஒரு மூலை வைத்திருந்தோம், பிளாஸ்ரிக் கரடிகளை நிறம்பிரித்து எண்ண. இங்கே சுண்டு இருக்கிறது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த தகரச் சுண்டு. இரண்டு சுண்டு மா, பிறகு தண்ணீர், பிறகு விரலால் உதிர்த்தல். புட்டு வேகிற நேரம் பிள்ளைகள் மேசையடியில் இருந்து ஆவியைப் பார்ப்பார்கள். இரண்டரை வயதுப் போலந்துக்காரன் ஒருவன் இருக்கிறான். அடுப்படிக்கு யாராவது கிட்டப் போனால் "சுடும்!" என்று கத்துவான். அவன் தாய் எனக்கு அவர்கள் மொழியில் நாற்பது சொல் எழுதித் தந்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறேன். அவன் "வோடா" என்றால் தண்ணீர் கொடுக்க எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு அதன் வீட்டு மொழியை விளையாட்டிலும் படிப்பிலும் பயன்படுத்த வாய்ப்பளிக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்று உங்கள் மழலையர் கல்விச் சட்டகம் கட்டாயமாகச் சொல்கிறது. நேர்சரியில் அந்த வரியைச் சுவரில் ஒட்டியிருந்தோம். பதினொரு வருடம் அங்கே முடியாத அதை ஒழுங்காகச் செய்ய எனக்கு முடிந்தது வீட்டில் இந்தத் தொழிலைத் தொடங்கியபிறகுதான்.

போன வருடம், பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பு இடங்களையும் சோதிக்கும் ஒஃப்ஸ்ரெட்டிலிருந்து பரிசோதகர் வந்து ஒரு முழுக் காலை இருந்தார். நேர்சரியில் கேட்கும் அதே கேள்விகள். பிள்ளை எங்கே நிற்கிறது, அடுத்து என்ன, எப்படித் தெரியும், பாதுகாப்பில் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வாய். இரண்டு வயதுப் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையை எடுத்துப் படித்தார். புட்டுக்கும் ஓம் என்றார். சாப்பிடவில்லை, விதி விடாதுபோல.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டுப் பிள்ளைப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, எது பிள்ளைப் பராமரிப்பு என்று வரையறுக்கிறது. அந்தப் பிரிவே, உறவினர் பார்த்தால் அது பிள்ளைப் பராமரிப்பு ஆகாது என்கிறது. உறவினர் யார்? பாட்டன், பாட்டி, அத்தை, மாமன், சகோதரன், சகோதரி. தாயின் அக்காவும் ஆங்கிலக் கணக்கில் 'ஆன்ட்' என்பதற்குள் அடங்கிவிடுகிறாள். ஆகவே என் பதிவு, என் தகைமை, பரிசோதகர் எழுதிய அறிக்கை எல்லாம் என் தங்கை மகன் வாசற்படி ஏறும்போது கழன்று விழுந்துவிடுகின்றன. பக்கத்தில் விளையாடுகிற போலந்துப் பிள்ளைக்கு நான் கல்விச் சட்டகப்படி பராமரிப்பு வழங்குபவள். அதே பாயில் இருக்கும் இவனுக்கு வெறும் பெரியம்மா.

யாழ்ப்பாணத்தில் தங்கையின் மகனைப் பெறாமகன் என்போம். நான் பெறாத மகன். இந்தச் சொல்லை உங்கள் வழக்கறிஞர்களிடம் காட்டினால், பார்த்தீர்களா, மகன் என்றே சொல்கிறார்களே என்று மகிழ்ந்துபோவார்கள். கொஞ்சம் பொறுங்கள். என் வீட்டுக்கு வரும் மூன்று வயதுக்காரி யார் தெரியுமா? என் சின்னம்மாவின் மகளின் மகள். ஒன்றுவிட்ட தங்கையின் பிள்ளை. எங்கள் முறைப்படி அவளும் பெறாமகள்தான், என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். உங்கள் சட்டத்தில் ஒன்றுவிட்ட சகோதரி உறவினர் பட்டியலில் இல்லை. அதனால் அவளுக்கு முப்பது மணித்தியாலமும் கிடைக்கிறது, எனக்குப் பணமும் வருகிறது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும் ஒரு பிள்ளைக்கு நான் தொழில்முறைப் பராமரிப்பாளர், மற்றப் பிள்ளைக்கு இல்லை. இரண்டு பேருக்கும் உடுப்பு மாற்றுவதும் இதே கைதான்.

அதைவிட விசித்திரம், உங்கள் அரசாங்கமே இதில் இரண்டு பேச்சுப் பேசுகிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நீங்கள் தரும் வரிவிலக்குப் பராமரிப்புக் கணக்கு இருக்கிறதே, எட்டுப் பவுண் போட்டால் அரசு இரண்டு பவுண் சேர்க்கும், வருடத்துக்கு 2,000 பவுண் வரை. அந்தக் கணக்கிலிருந்து உறவினருக்கும் பணம் கட்டலாம். அவர் பதிவுபெற்ற சைல்ட்மைண்டராக இருக்கவேண்டும், பிள்ளையை அதன் வீட்டுக்கு வெளியே பார்க்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. திறைசேரிக்கு நான் போதுமான ஆள். கல்விக்குப் பொறுப்பானவர்களுக்குப் போதாத ஆள். என் தங்கை இரண்டு இணையப் பக்கங்களையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்துவைத்து என்னைப் பார்த்தாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தங்கை ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். காலை வேலை ஏழரைக்குத் தொடங்கும். அவள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இரண்டு நேர்சரிகள். இரண்டும் திறப்பது எட்டு மணிக்கு. ஒன்றில் குழந்தைகள் அறைக்குக் காத்திருப்புப் பட்டியல். மற்றது நான் விட்டுவந்த நேர்சரி. என் கையால் ஒட்டிய சுவர்ப்படங்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும். அங்கே அவனை விட்டால் அரசு முழுப் பணமும் கட்டும். எவ்வளவு? 2025–26க்கு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மணித்தியாலத்துக்குச் சராசரி 11 பவுண் 54 பென்ஸ் வீதம் நீங்கள் உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கொடுக்கிறீர்கள். கிழமைக்கு முப்பது மணித்தியாலம், வருடத்துக்கு முப்பத்தெட்டுக் கிழமை, ஆக 1,140 மணித்தியாலம். பெருக்கிப் பார்த்தால் 13,000 பவுணுக்கு மேல். தெரியாத இடத்தில் விட 13,000 பவுண் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு மணித்தியாலம் முந்தித் திறக்கும் பெரியம்மா வீட்டில் விட ஒரு பென்ஸும் இல்லை.

"அப்படியானால் சும்மா பாரேன், தங்கைதானே" என்று யாரும் சொல்லக்கூடும். மாமியும் சொன்னார். அதற்கும் உங்கள் விதியில் வழியில்லை. ஒரு சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட மூன்று பேரைப் பார்க்கலாம், அதில் ஒரு வயதுக்குட்பட்டது பொதுவாக ஒன்றுதான். விலக்குகள் சில உண்டு, உதாரணமாகச் சொன்னவற்றில் பெறாமகன் இல்லை. அவன் என் வீட்டில் இருந்தால், பணத்துக்குக் கணக்கில் வராவிட்டாலும் எண்ணிக்கைக்குக் கணக்கில் வருகிறான். என் ஒரே குழந்தை இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். அந்த இடத்துக்கு வேறு எந்தத் தாயின் குழந்தை வந்தாலும் எனக்கு வருமானம். ஆக, பெறாமகனைச் சும்மா பார்ப்பதென்றால் என் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கை நானே கட்டவேண்டும். இல்லையென்றால் தங்கை கட்டவேண்டும். வரிவிலக்குக் கணக்கு எவ்வளவு சேர்த்தாலும், முழுதும் இலவசமான நேர்சரிக்குப் பக்கத்தில் அது நிற்காது. நான் தங்கையிடம் காசு கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு கிழமையாக நாங்கள் தொலைபேசியில் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

ஏன் இந்த விதி என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. பேரப்பிள்ளையை எப்படியும் பார்க்கத்தானே போகிறாள் ஒரு பாட்டி, அதற்கு ஏன் மக்கள் பணம் என்பது உங்கள் பயம். பதிவில்லாத பாட்டிக்கு அது பொருந்தும். என் சொந்தப் பிள்ளைக்குத் தரமாட்டோம் என்றாலும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் சைல்ட்மைண்டர் பதிவு என்பது பேரப்பிள்ளைக்காக ஒருவர் போகிறபோக்கில் எடுத்துவிடும் காகிதமா? மேலே குறித்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எழுபத்தொரு வயது அம்மாவின் பெயரில் எழுத்து மாறியதற்கு இரண்டு மாதம் மறித்துவைத்த அமைப்பு இது. களவு செய்ய நினைப்பவள் இதைவிடச் சுலபமான வழி பார்ப்பாள். அப்படியும் பயமென்றால் நிபந்தனை போடுங்கள். உறவில்லாத ஒரு பிள்ளையாவது அதே வீட்டில் பதிவாகியிருக்கவேண்டும் என்று சொல்லுங்கள். யாரும் எதிர்க்கமாட்டோம்.

சைல்ட்மைண்டர்களின் தொகை 2012இல் இருந்ததில் இப்போது பாதியும் இல்லை. இந்த வீழ்ச்சியைப் பற்றி உங்கள் ஆவணங்களிலேயே கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். 2028க்குள் ஐந்து வயதாகும் பிள்ளைகளில் 75 வீதம் பேர் நல்ல வளர்ச்சி நிலையை எட்டவேண்டும் என்று இலக்கும் வைத்திருக்கிறீர்கள். பின்தங்கிய பகுதி நேர்சரிகளில் வேலை செய்யும் மழலையர் ஆசிரியர்களுக்கு 4,500 பவுண் ஊக்கத்தொகையும் அறிவித்தீர்கள். நல்லது, வேண்டியதுதான். அதே தகைமையோடு வீட்டில் இருந்து செய்பவளுக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. 2025 செப்ரெம்பரில் ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து முப்பது மணித்தியாலம் என்று விரித்தீர்கள். அந்தக் குழந்தைகளை யார் பார்ப்பது? என் வயதுப் பெண்கள் இந்தத் தொழிலுக்குள் வருவதே பெரும்பாலும் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கும்போதுதான். அக்காவின் பிள்ளை, அண்ணனின் பிள்ளை. அந்த முதல் பிள்ளையைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று வாசலிலேயே சொன்னால் யார் உள்ளே வருவார்?

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக.

அரசு மணித்தியாலங்களுக்கான பணத்தை 2018 செப்ரெம்பருக்குள் எல்லாப் பராமரிப்பாளருக்கும் மாதாமாதம் கொடுக்கவேண்டும் என்று உங்கள் வழிகாட்டி சபைகளிடம் சொன்னது. போன இலையுதிர்காலத் தவணையில் என் முதல் காசு ஏழாம் கிழமைதான் வந்தது. நேர்சரிக்கு வங்கியில் கடன் எடுக்கலாம். நான் கணவரின் சம்பளத்திலிருந்து பால் வாங்கினேன்.

மற்றது வாடகை வீடு. நான் சொந்த வீட்டில் இருப்பதால் தப்பினேன். முன்பு என்னோடு வேலை செய்த ஒருத்திக்கு எல்லாப் பயிற்சியும் முடிந்து, அந்த வாடகை வீட்டில் பிள்ளை பார்க்க வீட்டுக்காரர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லையாம். அவள் இப்போது கடையில் தட்டுக்களுக்குச் சாமான் அடுக்குகிறாள். எனக்குத் தெரிந்த மழலையர் ஆசிரியர்களில் அவளைப்போலக் கதை சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவது, 2006 சட்டத்தின் 18ஆம் பிரிவில் ஒரு விலக்கு. உறவினர் பதிவுபெற்ற சைல்ட்மைண்டராக இருந்து, பிள்ளையை அதன் வீட்டுக்கு வெளியே, தனக்கு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பார்த்தால், அது பிள்ளைப் பராமரிப்பு என்று எழுதுங்கள். அரசு மணித்தியாலங்கள் அந்தப் பிள்ளைக்கும் சேரட்டும். வரிவிலக்குக் கணக்குக்கு நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்த நிபந்தனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், புதிதாக யோசிக்கவும் வேண்டாம். முழுச் சட்டத் திருத்தத்துக்குக் காலம் எடுக்கும் என்றால், அதற்கான நாடாளுமன்ற நேரத்தை எப்போது ஒதுக்குவீர்கள் என்ற திகதியையாவது சொல்லுங்கள்.

இரண்டாவது, மாதப் பணம். தவணை தொடங்கும் முதல் மாதத்திலேயே முற்பணம் சேரவேண்டும், பிந்தினால் சபை வட்டி கட்டவேண்டும். வழிகாட்டியில் ஆங்கிலத்தில் 'should' என்று மென்மையாக இருப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

தொடக்க உதவியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மழலையர் ஆசிரியர் தகைமையோடு வீட்டில் பராமரிப்பு நடத்துபவரையும் ஊக்கத்தொகைக்குள் சேருங்கள். நியாயமான காரணத்தை எழுத்தில் தராமல், வாடகை வீட்டில் பிள்ளை பராமரிப்பு நடத்தக் கேட்கும் ஒரு வாடகைதாரருக்கு வீட்டு உரிமையாளர் மறுக்கக்கூடாது என்று விதி செய்யுங்கள்.

நேர்சரிகளைப் பற்றியும் ஒன்று, நான் விட்டுவந்தாலும். பதின்மூன்றுக்கு ஒருவர் என்ற விகிதத்தை எடுத்துவிடுங்கள். ஒருத்தி படித்தாள் என்பதற்காக அவள் அறையிலிருந்து ஆட்களைக் குறைக்க அனுமதிக்காதீர்கள்.

பெறாமகனுக்கு இந்த மாதம் ஒன்பது மாதம் முடிகிறது. தங்கையின் விடுப்பு ஏப்ரல் 13ஆம் திகதியோடு சரி. நேர்சரியில் இடத்தை உறுதிசெய்ய அவள் மார்ச் 27க்குள் முற்பணம் கட்டவேண்டும். என் வீட்டில் அவனுடைய இடத்தை அதுவரை காலியாக வைத்திருப்பேன். அதற்கு முன் எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வடமேற்கு இலண்டனிலிருந்து ஒரு மழலையர் ஆசிரியர், இப்போது சைல்ட்மைண்டர்